எல்லாரும் ஏன் இதே பாட்டைப் பாடுகிறார்கள்? பினாங்கு மேடையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பினாங்கில் கல்யாண டின்னர்களுக்கு வாசிக்கும் ஒரு சின்ன இசைக்குழுவில் கீபோர்டு வாசிக்கிறேன். இருபது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. ஒத்திகைக்கு வரும் தம்பி தங்கைகள் கேட்பார்கள், மண்டபத்தில் பாட்டுச் சீட்டு கொடுக்க வருபவர்கள் கேட்பார்கள்: "அண்ணே, ஆயிரம் பாட்டு இருக்கு, எல்லாரும் ஏன் இதையே பாடுறாங்க?" அந்தக் கேள்விக்கும், அதை ஒட்டி வரும் மற்றக் கேள்விகளுக்கும் எனக்குத் தெரிந்த பதில்களை இங்கே எழுதி வைக்கிறேன்.

கவர், ரீமிக்ஸ், சாம்பிள் எல்லாம் ஒன்றுதானா?

இல்லை. ஒருவர் பாடி வெளிவந்த பாட்டை இன்னொருவர் தன் குரலில், தன் வாத்தியங்களோடு மறுபடி பாடினால் அது கவர். மெட்டும் வரிகளும் அதேதான் இருக்கும். பழைய பதிவையே எடுத்து, தாளத்தைக் கூட்டிக் குறைத்து வேறு மாதிரி கலந்தால் ரீமிக்ஸ். பழைய பதிவிலிருந்து ஒரு துண்டை மட்டும் வெட்டிப் புதுப்பாட்டுக்குள் வைத்தால் சாம்பிள்.

நம் சினிமாவில் ரீமிக்ஸ் என்று சொல்லப்படும் பல பாட்டுகள் புதிதாகப் பாடிப் பதிவு செய்தவை. 1980-இல் வந்த 'மை நேம் இஸ் பில்லா' 2007-இல் திரும்பி வந்தது அப்படித்தான். பேச்சு வழக்கில் எதைச் சொன்னாலும் பரவாயில்லை. உரிமைப் பணம் என்று வரும்போதுதான் இந்த வேறுபாடு முக்கியம், அதைப் பின்னால் சொல்கிறேன்.

உலகத்திலேயே அதிகம் பேர் பாடிய பாட்டு எது?

எப்போதும் முதலில் சொல்லப்படுவது பீட்டில்ஸின் 'யெஸ்டர்டே'. 1965-இல் வந்தது. 1986-க்குள் 1,600 பேர் அதை மறுபடி பதிவு செய்திருந்ததாகக் கின்னஸ் புத்தகம் கணக்குச் சொன்னது. 1935-இல் அரங்கேறிய 'போர்கி அண்ட் பெஸ்' என்ற இசை நாடகத்துக்கு ஜார்ஜ் கெர்ஷ்வின் மெட்டமைத்த 'சம்மர்டைம்' பாட்டுக்கும் ஆயிரக்கணக்கில் பதிவுகள் உண்டு.

இந்த எண்ணிக்கையைவிட, அவை பிறந்த விதம்தான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. 'யெஸ்டர்டே' பதிவில் பீட்டில்ஸ் நால்வரில் ஒருவர்தான் இருக்கிறார். பால் மெக்கார்ட்னி ஒரு கிட்டாரை வைத்துக்கொண்டு பாடுகிறார், பின்னால் நான்கு தந்தி வாத்தியங்கள், அவ்வளவுதான். டிரம்ஸ் கிடையாது, கூடப் பாடும் குரல் கிடையாது. பிறக்கும்போதே ஒற்றை ஆள் தூக்கிக்கொண்டு போகிற அளவுக்குத்தான் அந்தப் பாட்டின் கனம். 'சம்மர்டைம்' நாடகத்தில் ஒரு தாய் குழந்தைக்குப் பாடும் தாலாட்டு. தாலாட்டு என்றால் தூக்கக் கலக்கத்தில் இருக்கும் எந்த அம்மாவும் பாட முடியவேண்டும். அப்படிப்பட்ட பாட்டை உலகமே பாடியதில் ஆச்சரியம் இல்லை.

நல்ல பாட்டாக இருந்தால் எல்லாரும் பாடத்தானே செய்வார்கள்? இதில் விளக்க என்ன இருக்கிறது?

இருக்கிறது. ரொம்ப நல்ல பாட்டுகள் பலவற்றை யாரும் மறுபடி தொடுவதில்லை. சுமாரான சில பாட்டுகளை ஊரே பாடுகிறது. தரம் ஒரு காரணம், ஆனால் அது மட்டும் போதாது.

ஒத்திகையில் நான் செய்யும் ஒரு காரியத்தைச் சொன்னால் புரியும். புதுப் பாட்டு ஒன்றை யாராவது கொண்டு வந்தால், கீபோர்டின் சத்தத்தை முழுதாகக் குறைத்துவிட்டு, "மேசையில் விரலால் தட்டிக்கொண்டு பல்லவியை மட்டும் பாடு" என்பேன். சில பாட்டுகள் அந்த நிமிஷமே உதிர்ந்துவிடும். கேட்கும்போது நம்மை ஆட்டிவைத்தது அந்த பேஸ் சத்தம், அந்தச் சிந்தசைசர், ஸ்டூடியோவில் குரலுக்கு ஏற்றிய பூச்சு. அதையெல்லாம் எடுத்துவிட்டால் மெட்டு என்று கையில் நிற்பது இரண்டு மூன்று சுரம்தான். வேறு சில பாட்டுகள் விரல் தட்டலிலேயே முழுசாக நிற்கும். பல்லவி முடிவதற்குள் தபேலாக்காரர் தானாகச் சேர்ந்துகொள்வார். ஊர் திரும்பத் திரும்பப் பாடுவது இந்த இரண்டாவது வகையைத்தான்.

அப்புறம் குரலின் எல்லை. பயிற்சி இல்லாத தொண்டை சிரமப்படாமல் போய்வருவது ஏறக்குறைய ஒன்றரை ஸ்தாயி (ஒரு 'ச'விலிருந்து அடுத்த 'ச' வரை ஒரு ஸ்தாயி). அதற்குள் அடங்கும் மெட்டை ஆண் பாடலாம், பெண் பாடலாம், பத்து வயதுப் பிள்ளையும் பாடலாம்.

மூன்றாவது, வரிகள். கதையோடு இறுக்கிக் கட்டப்பட்ட வரியை இன்னொருவர் வாயில் போட்டால் ஒட்டாது. கதாநாயகனின் பெயரும் பட்டமும் வரும் அறிமுகப் பாட்டைக் கல்யாணத்தில் யார் பாடுவது? பாடுபவர் தன் வாழ்க்கையை உள்ளே வைக்க வரிகளில் இடம் இருக்க வேண்டும். என்னைக் கேட்டால் எல்லாவற்றிலும் பெரிய காரணம் இந்த இடம்தான்.

தமிழில் அதற்கு ஓர் உதாரணம் சொல்லுங்களேன்.

'கண்ணே கலைமானே'. 1982-இல் வந்த 'மூன்றாம் பிறை' படத்துக்கு இளையராஜா மெட்டமைக்க, யேசுதாஸ் பாடியது. கண்ணதாசன் சினிமாவுக்கு எழுதிய கடைசிப் பாட்டு என்று சொல்வார்கள். படம் வெளிவருவதற்கு முன்பே, 1981 அக்டோபரில், அவர் காலமாகிவிட்டார்.

படத்தில் அது நினைவு தவறிக் குழந்தைபோல ஆகிவிட்ட ஒரு பெண்ணுக்காகப் பாடப்படுகிறது. ஆனால் படத்தையே பார்க்காதவருக்கும் அது வெறும் தாலாட்டாக நிறைந்துவிடும். 'சம்மர்டைம்' போலவே இதுவும் தாலாட்டு என்பதைக் கவனியுங்கள்.

சில வருஷத்துக்கு முன் பட்டர்வொர்த் பக்கம் ஒரு டின்னர். பெண்ணின் அப்பா லோரி ஓட்டுபவர். சாப்பாடு முடிகிற நேரத்தில் மேடைக்கு வந்து, "தம்பி, நான் மைக்கில் பாடினதே இல்லை, ஒரு பாட்டு பாடட்டுமா?" என்று கேட்டார். இந்தப் பாட்டைச் சொன்னார். எந்தச் சுருதி என்று கேட்டால் அவருக்குத் தெரியவில்லை. முதல் வரியை என் காதருகே மெதுவாகப் பாடச் சொல்லி, கீபோர்டில் தேடிப் பிடித்தேன். தாழ்வான சுருதிதான். இரண்டாவது வரியில் தாளம் தவறினார், நாங்கள் காத்திருந்து அவரோடு சேர்ந்துகொண்டோம். சரணத்துக்குப் போகவே இல்லை. பல்லவியை மூன்று முறை பாடினார். மூன்றாவது முறை மகள் எழுந்து வந்து பக்கத்தில் நின்றாள். அந்த நேரத்தில் மண்டபத்தில் யாருக்கும் படமும் நினைவில்லை, நடிகரும் நினைவில்லை. அது ஓர் அப்பா தன் பெண்ணுக்குப் பாடும் பாட்டாக மட்டும் இருந்தது. யேசுதாஸ் பாடிய பதிவை அந்த இடத்தில் போட்டிருந்தால் இப்படி நடந்திருக்காது.

கஷ்டமான பாட்டுகளையும்தான் விடாமல் பாடுகிறார்களே?

உண்மை. 'கேளடி கண்மணி' (1990) படத்தில் எஸ்.பி.பி. பாடிய 'மண்ணில் இந்தக் காதலன்றி' இதற்கு நல்ல சாட்சி. மூச்சே விடாமல் பாடியதுபோல ஒலிக்கும் சரணம் அது. சொற்கள் சங்கிலிபோல் போய்க்கொண்டே இருக்கும். அதைப் பாட வருபவன் மெட்டுக்காக மட்டும் வரவில்லை, தன்னைச் சோதித்துப் பார்க்க வருகிறான். கேட்பவர்களும் அவனோடு சேர்ந்து மூச்சை அடக்கிக்கொண்டு காத்திருப்பார்கள். பாதியில் மூச்சு போய்விட்டாலும் கைதட்டுவார்கள்.

கிட்டார் கற்பவர்களுக்கு 'இளைய நிலா' (1982, 'பயணங்கள் முடிவதில்லை') அந்த மாதிரி. அதன் தொடக்கக் கிட்டாரை விரலுக்குள் கொண்டுவந்தால்தான் தனக்குக் கிட்டார் வந்தது என்று ஒரு பையன் நம்புவான். அந்த மெட்டு அடுத்த வருஷமே 'கலாகார்' படத்தில் 'நீலே நீலே அம்பர் பர்' என்று இந்திக்கும் போய், அங்கே ஒரு தனி வாழ்க்கை வாழ்ந்தது. பினாங்கில் வட இந்தியக் குடும்பங்களின் விருந்தில் நாங்கள் அதை வாசித்தால் அவர்கள் இந்தியில் பாடுவார்கள், பரிமாறும் நம் பிள்ளைகள் தமிழில் பாடுவார்கள். இரண்டும் ஒரே நேரத்தில் கேட்கும்.

ஒரு பழைய பாட்டு திடீரென்று எல்லார் வாயிலும் வருகிறதே, எப்படி?

பெரும்பாலும் இன்னொரு படம்தான் காரணம். 'குணா' (1991) படத்தின் 'கண்மணி அன்போடு காதலன்' பாட்டு 2024-இல் 'மஞ்ஞும்மல் பாய்ஸ்' என்ற மலையாளப் படத்தில் வந்ததும், 33 வருஷம் கழித்து ஊரெல்லாம் ஒலித்தது. அந்த வருஷம் நாங்கள் அதை வாசிக்காத டின்னரே இல்லை. பாதி பேச்சு, பாதி பாட்டு என்பதால் மேடை பழகாதவருக்கும் கைகொடுக்கும். கடிதம் எழுதுவதுபோல் அமைந்த பாட்டு, மாப்பிள்ளையும் பெண்ணும் பங்கு போட்டுப் பேசலாம்.

'கொலவெறி' மாதிரிப் பாட்டுகள்?

2011 நவம்பரில் வந்தது, சில வாரத்தில் எத்தனையோ மொழிகளில் பாடிவிட்டார்கள். மெதுவான தாளம், பேசுவதுபோல் மெட்டு, யாரும் எடுத்த எடுப்பில் பாடலாம். ஆனால் இன்று சீட்டில் அந்தப் பெயர் வருவது அபூர்வம். வேகமாகப் பரவியது எல்லாம் நீண்ட நாள் நிற்காது.

மலேசியத் தமிழர்கள் பாடிய கவர் எதுவும் தமிழ்நாடு வரை போயிருக்கிறதா?

போயிருக்கிறது, சொல்வதற்கே பெருமையாக இருக்கிறது. கோலாலம்பூரைச் சேர்ந்த யோகி பி – நட்சத்திரா குழு 2006-இல் 'வல்லவன்' என்ற தமிழ் ராப் ஆல்பத்தைக் கொண்டுவந்தது. அதில் 'மடை திறந்து' இருந்தது. மூலம் 1980-இல் வந்த 'நிழல்கள்' படத்தில் இளையராஜா இசையில் எஸ்.பி.பி. பாடியது. பழைய பல்லவியை வைத்துக்கொண்டு, நடுவில் நம் ஊர்த் தமிழில் ராப் போட்டார்கள். அது கடல் தாண்டித் தமிழ்நாட்டு இளைஞர்களிடம் போய்ச் சேர்ந்தது. அடுத்த வருஷம் 'பொல்லாதவன்' படத்துக்காக 'எங்கேயும் எப்போதும்' மறுபடி பாடப்பட்டபோது, 1979-இல் 'நினைத்தாலே இனிக்கும்' படத்தில் அதைப் பாடிய எஸ்.பி.பி.யோடு யோகி பியின் குரலும் சேர்ந்தது.

ஒரு கல்யாணத்தில் முதல் வரிசைத் தாத்தா ஒருவர் 'மடை திறந்து' கேட்டார். எங்கள் பாடகர் எஸ்.பி.பி. பாடியபடி பாடினார். பல்லவி முடிந்து இடையிசை வந்ததும், பின் மேசையிலிருந்த பேரன்மார் நான்கைந்து பேர் எழுந்து, மைக் இல்லாமலேயே ராப்பை ஆரம்பித்துவிட்டார்கள். எனக்கு என்ன வாசிப்பது என்று ஒரு கணம் தெரியவில்லை. ரிதம் பேட் தம்பி சட்டென்று தாளத்தை மாற்றினான், பிழைத்தோம். தாத்தா திரும்பிப் பார்த்துவிட்டு, "இதிலே இப்படி ஒரு பாட்டும் இருக்கா?" என்று பக்கத்தில் இருந்தவரைக் கேட்டார். அவருக்கும் பேரன்களுக்கும் அது ஒரே பாட்டு இல்லை. ஆனால் பல்லவி திரும்பி வந்தபோது எல்லாருமே சேர்ந்து பாடினார்கள்.

நம் தேசிய கீதத்தின் மெட்டு ஒரு பழைய காதல் பாட்டு என்கிறார்களே, நிஜமா?

மெட்டு ஒன்றுதான். பேராக் மாநில கீதமாக இருந்த மெட்டு அது. அதற்கும் முன்னால் 'லா ரொசாலி' என்ற பிரெஞ்சுப் பாட்டாக இருந்தது என்பது பரவலாகச் சொல்லப்படும் வரலாறு. இந்தப் பக்கத்தில் 'தெராங் பூலான்' என்ற நிலாப் பாட்டாக, விருந்துகளிலும் மேடைகளிலும் பாடப்பட்டது. 1947-இல் லண்டனில் ஒரு ஹவாய் பாணி இசைக்குழு அதை 'மாமுலா மூன்' என்று பதிவு செய்தது. சுதந்திரம் நெருங்கியபோது, தேசிய கீதத்துக்கு உலக அளவில் போட்டி வைத்தும் திருப்தியான மெட்டு கிடைக்காமல், கடைசியில் இதையே தேர்ந்தெடுத்து 1957-இல் 'நெகாராகூ' ஆக்கினார்கள்.

ஒரே மெட்டு காதலுக்கும், நடனத்துக்கும், அரண்மனைக்கும், நாட்டுக்கும் பொருந்தியிருக்கிறது. வரிகள் எவ்வளவு மாறினாலும் தாங்குகிற மெட்டு எப்படி இருக்கும் என்று யாராவது கேட்டால் நான் இதைத்தான் சொல்வேன். தேசிய கீதமான பிறகு அதை விருந்துப் பாட்டாகப் பாடும் வழக்கம் நின்றுபோனது. அதுதான் முறை.

நம் டின்னர்களில் மலாய்ப் பாட்டுகளும் பாடுகிறீர்களே, எவை?

மலாய் நடிகரும் பாடகருமான பி. ரம்லியின் 'கெதாரான் ஜீவா' இல்லாமல் இருக்காது. 1960-இல் 'அந்தாரா டுவா டர்ஜாட்' படத்தில் வந்தது. ரம்லி 1929-இல் பினாங்கில் பிறந்தவர், அவர் பிறந்த வீடு இன்று நினைவில்லமாக இருக்கிறது. அந்தப் பாட்டும் ஒரு கிட்டார், ஒரு குரலில் முழுதாக நிற்கும். மலாய்க்காரர், சீனர், தமிழர் மூவரும் ஒரே மேடையில் பங்கிட்டுப் பாடி நான் கேட்டிருக்கிறேன்.

அடுத்தது அலிகேட்ஸ். பினாங்குத் தமிழ்ச் சகோதரர்கள் டேவிட் ஆறுமுகமும் லோகநாதன் ஆறுமுகமும் முன்னே நின்று பாடிய குழு. லோகநாதன் 2007-இல் காலமானார். அவர்களுடைய மலாய்ப் பாட்டுகள் இன்னும் எல்லா இனத்தார் விருந்திலும் ஒலிக்கின்றன. கோலாலம்பூரிலிருந்து சொந்தக்காரர்கள் வந்திருந்தால் 'செஞ்யும்லா கோலாலம்பூர்' கேட்டுச் சீட்டு வரும்.

தைப்பூசத்தில் உறுமி மேளக் குழுக்கள் சினிமா மெட்டில் முருகன் பாட்டு பாடுகிறார்களே, அது சரியா?

இதில் ஊரில் இரண்டு கருத்து உண்டு. என் கருத்தைச் சொல்கிறேன். காவடி எடுப்பவருக்கு நடையைத் தூக்கிக் கொடுக்க, தெரிந்த மெட்டு உதவுகிறது என்பது நிஜம். ஆனால் மெட்டைக் கேட்டதும் கூட்டத்துக்குச் சினிமாக் காட்சிதான் நினைவுக்கு வருகிறது என்றால், அந்த மெட்டு அந்த இடத்துக்கு ஒத்துவரவில்லை. நல்ல குழுக்களுக்கு இது தெரியும், பார்த்துத்தான் எடுப்பார்கள்.

தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் போகும் வழியில், ஜாலான் உத்தாமா சாலைப் பந்தல்களில் எனக்கு மனம் நிறைவது டி.எம்.எஸ். பாடிய 'உள்ளம் உருகுதையா' ஒலிக்கும்போதுதான். ஆண்டவன் பிச்சை என்ற அம்மையார் எழுதியது. ஒரு பந்தலில் டி.எம்.எஸ். குரலே ஒலிக்கும், அடுத்த பந்தலில் யாரோ ஒரு பையன் பாடிப் பதிந்தது, அதற்கடுத்ததில் நாதஸ்வரம் மட்டும். ஒரு கிலோமீட்டர் நடப்பதற்குள் ஒரே பாட்டை நான்கு விதமாகக் கேட்டிருக்கிறேன். பால்குடம் தூக்கி வரும் பெண்கள் எந்தப் பந்தலைக் கடந்தாலும் அவரவர் வேகத்தில் முணுமுணுத்துக்கொண்டே போவார்கள்.

அசலைவிட கவர் நன்றாக இருக்க முடியுமா?

முடியும். லெனார்ட் கோஹனின் 'ஹாலேலூயா' 1984-இல் வந்தபோது பெரிதாகக் கவனிக்கப்படவில்லை. 1991-இல் ஜான் கேல் அதைப் பியானோவோடு பாடினார். அதைக் கேட்டு ஜெஃப் பக்லி 1994-இல் கிட்டாரோடு பாடினார். இன்று பலருக்கும் தெரிந்தது அந்தப் பக்லி வடிவம்தான். பாட்டுக்குள் இருந்த ஒன்றை எழுதியவரைவிடத் தெளிவாக இன்னொருவர் வெளியே கொண்டுவந்துவிட்டார்.

ஒத்திகையில் அசலை அச்சு அசலாகப் பாட முயலும் பிள்ளைகளிடம் நான் இதைச் சொல்வதுண்டு. எஸ்.பி.பி. சிரித்த இடத்தில் நீயும் சிரிக்க வேண்டாம். உனக்கு எங்கே சிரிப்பு வருகிறதோ அங்கே சிரி.

அடுத்தவர் பாட்டைப் பாட அனுமதி வாங்க வேண்டுமா?

மலேசியாவில் 1987-ஆம் வருஷக் காப்புரிமைச் சட்டம் இருக்கிறது. பாட்டை எழுதியவர், மெட்டமைத்தவர் உரிமை அவர்கள் காலமும், அதற்குப் பிறகு 50 வருஷமும் செல்லும். இந்தியாவில் அது 60 வருஷம். பொது இடத்தில் பாடுவதற்கு, பாடலாசிரியர்கள், இசையமைப்பாளர்கள் சார்பில் எம்.ஏ.சி.பி. போன்ற அமைப்புகள் உரிமம் கொடுக்கின்றன. ஹோட்டலோ மண்டபமோ ஏற்கெனவே எடுத்திருக்கிறதா என்று பதிவு செய்யும்போதே கேட்டுவிடுங்கள்.

இந்தியாவில் கவர் பதிவுகளுக்கென்றே ஒரு பிரிவு உண்டு. அசல் பதிவு வந்த வருஷம் முடிந்து ஐந்து வருஷம் கழித்து, வருஷத்துக்குக் குறைந்தது 50,000 பிரதிக்கான தொகையைக் கட்டிவிட்டுப் பதிவு செய்யலாம்.

யூடியூபில் போட்டால் கண்டெண்ட் ஐடி என்ற முறை பாட்டை அடையாளம் காணும். உரிமையாளர் விளம்பரப் பணத்தை எடுத்துக்கொள்ளலாம், வீடியோவை நிறுத்தியும் வைக்கலாம். நாங்கள் போட்ட ஒரு வீடியோவுக்கும் அப்படி உரிமை கோரல் வந்தது, பணம் அவர்களுக்குப் போகட்டும் என்று விட்டுவிட்டோம். பாட்டு அவர்களுடையதுதானே.

2017-இல் தன் பாட்டுகளை அனுமதியின்றி மேடையில் பாடக்கூடாது என்று இளையராஜா எஸ்.பி.பி.க்கே நோட்டீஸ் அனுப்பியபோது இங்கேயும் வீட்டுக்கு வீடு விவாதம் நடந்தது. இருவரையும் நேசிக்கிறவன் என்பதால் எனக்கு அது வலித்தது. ஆனால் மெட்டுப் போட்டவருக்கும் வரி எழுதியவருக்கும் பங்கு போகவேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே கிடையாது. குறைந்தபட்சம் வீடியோவின் கீழே அந்த இரண்டு பேர் பெயரையாவது எழுதுங்கள். பாடகர் பெயரை மட்டும் போட்டுவிட்டு அவர்களை விட்டுவிடுவது எனக்குப் பொறுக்காது.

முதல் தடவையாக மேடையில் பாடப் போகிறேன். எந்தச் சுருதியில் பாடுவது?

அசல் பதிவின் சுருதியை மறந்துவிடுங்கள். பாட்டில் மிக உயரமான வரி எது என்று பாருங்கள், பெரும்பாலும் சரணத்தின் நடுவில் இருக்கும். அதை முதலில் பாடிப் பாருங்கள். கழுத்து நரம்பு இழுத்தால் அரைக் கட்டை (கட்டை என்பது சுருதியின் உயரத்தைச் சொல்லும் அளவு) இறக்குங்கள், இன்னும் இழுத்தால் இன்னும் அரை. அப்புறம் மிகத் தாழ்வான வரியைப் பாடி, குரல் காற்றாகப் போகிறதா என்று பாருங்கள். ஆண்களில் பலர் ஒரு கட்டை, ஒன்றரைக் கட்டையில் வந்து நிற்பார்கள். பெண்களில் பலர் ஐந்து, ஐந்தரை. நிகழ்ச்சியன்று கொஞ்சம் சீக்கிரம் வந்து கீபோர்டு வாசிப்பவரிடம் சொல்லிவிடுங்கள். எங்களுக்கு அது ஒரு பொத்தான் வேலை. சோறு சாப்பிட்டவுடன் மட்டும் மேடை ஏற வேண்டாம்.